மிளகளவு கல்

முதலில் வந்தது வாசனை. வெல்லப்பாகு காய்வது போன்ற ஒரு தித்திப்பு வாசனை. மோட்டார் சைக்கிளில் நாமக்கல்லைத் தாண்டி பரமத்தி வேலூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துக் கரும்புக் காடுகளுக்கு நடுவே வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகள் நிறைய உண்டு. பிலிக்கல்பாளையத்து வெல்லச் சந்தையும் பக்கத்தில்தான். அதனால் மூக்கு சொன்னதை மூளை தப்பாகப் படித்துவிட்டது. ஆலை ஓடுகிறது போலும் என்று நினைத்து இரண்டு கிலோமீட்டர் ரசித்துக்கொண்டே போனேன். இடது கணுக்காலில் வெதுவெதுப்பாக ஈரம் பட்டபோதுதான் சுரணை வந்தது. குனிந்து பார்த்தால் ஷூவின் மேல் பச்சைத் துளிகள்.

ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, முன்சக்கரத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியில் ஒரு துளை. மிளகைவிடப் பெரிதாக இருக்காது. அதிலிருந்து இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவம் மூச்சு விடுவது போல விட்டுவிட்டுச் சீறிக்கொண்டிருந்தது. கால்மணி நேரத்துக்கு முன்னால் ஒரு டிப்பர் லாரியின் பின்னால் போயிருந்தேன். தார்ப்பாய் போடாமல் ஜல்லி ஏற்றிய லாரி. அப்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நம்பர் பிளேட்டில் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

குட்டியானை என்று நம் ஊரில் சொல்கிற சிறு சரக்கு வண்டியில் மோட்டார் சைக்கிளைப் படுக்கவைக்காமல் கட்டி, நாமக்கல்லுக்கே திரும்பினேன். ஒருவகையில் எனக்கு அதிர்ஷ்டம்தான். இந்த ஊரைப் போல லாரியைத் தெரிந்த ஊர் தமிழ்நாட்டில் வேறு எது? லாரிக்கு ரேடியேட்டர் மட்டுமே பார்க்கிற பட்டறைகள் அங்கே இருக்கின்றன. அப்படி ஒன்றில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் என் ரேடியேட்டரைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு சிரித்தார்.

“லாரிக்குத் திண்ணை இருக்கிறது, நடை இருக்கிறது, அப்புறம்தான் அடுப்படி. உங்கள் வண்டியில் அடுப்பைக் கொண்டுபோய்த் தெருவிலேயே வைத்திருக்கிறார்கள் தம்பி.”

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. லாரியின் ரேடியேட்டர் தரையிலிருந்து உயரத்தில், முன்கிரில்லுக்கும் பம்பருக்கும் பின்னால் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் அது முன்சக்கரத்துக்குச் சரியாகப் பின்னால், டயர் எறிகிற எல்லாவற்றுக்கும் மார்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. காற்று வரவேண்டிய இடம் அதுதான் என்பதால் வேறு எங்கும் நகர்த்தவும் முடியாது.

பட்டறையில் கழித்துப் போட்ட ரேடியேட்டர் ஒன்றின் ‘கோர்’ எனப்படும் நடுப்பகுதியை அறுத்துக் காட்டினார். தட்டையான அலுமினியக் குழாய்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றின் நடுவே பாவாடை மடிப்பு போல வளைந்து வளைந்து போகும் மெல்லிய தகடுகள். குழாயின் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மடிப்புத் தகடு அதைவிடவும் மெலிது, நகத்தால் அழுத்தினால் சாய்ந்துவிடும். அந்த மெலிவினால்தான் வெப்பம் சட்டென்று காற்றுக்குக் கைமாறுகிறது. தடிமனாகச் செய்தால் கல்லைத் தாங்கும், இன்ஜினைக் குளிர்விக்காது. பழைய லாரிகளில் பித்தளையும் செம்பும் இருந்த காலத்தில் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடுவாராம். அலுமினியத்தில் அந்த வேலை நடக்காது. ஆர்கான் வெல்டிங் செய்யலாம். ஆனால் குழாயின் நடுவில் வைத்தால் ஒரு துளை இரண்டாகும். அதனால் அடிபட்ட குழாயை இரண்டு முனையிலும் நசுக்கி அடைத்துக் கொடுத்தார். என் ரேடியேட்டரில் எண்ணிப் பார்த்தேன், 22 குழாய்கள். ஒன்று போனால் ஏறக்குறைய நான்கரை விழுக்காடு. சமாளிக்கலாம். புதிய ரேடியேட்டரின் விலையை முன்பே போனில் விசாரித்திருந்தேன். 9,000 ரூபாய்ச் சொச்சம் என்று கேட்டதிலிருந்து பெரியவரின் மேல் எனக்கு மரியாதை கூடியிருந்தது.

இந்தக் கவலையெல்லாம் அப்பா தலைமுறைக்கு இல்லை. அவர்களுடைய வண்டிகள் காற்றில் குளிர்ந்தன. இன்ஜினைச் சுற்றி வார்த்த பட்டைகளில் கல் பட்டால் கல்தான் உடையும். நான் கல்லூரிக் காலத்தில் ஓட்டிய ஆர்எக்ஸ் 100-க்கும் அதே கதை. பிறகு 2007-இல் பல்சர் 220 ஆயில் கூலரோடு, அதாவது இன்ஜின் எண்ணெயைக் குளிர்விக்கிற குட்டி ரேடியேட்டரோடு வந்தது, 2008-இல் யமஹா ஆர்15 ரேடியேட்டரோடு வந்தது, 2012-இல் கேடிஎம் 200 டியூக். 2018-இல் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 காற்றும் எண்ணெயும் சேர்ந்து குளிர்விக்கிற இன்ஜினோடு வந்தது. 2023-இல் ஹிமாலயன் 450 முழு ரேடியேட்டருக்கே போய்விட்டது. வண்டிகள் மாறிய வேகத்தில் சாலையில் கிடக்கிற ஜல்லி மாறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்தது தடயம் பார்க்கிற வேலை. கழுவித் துடைத்த ரேடியேட்டரில் மடிப்புகள் எங்கெல்லாம் நசுங்கியிருக்கின்றன என்று ஒரு தாளில் புள்ளி வைத்தேன். மேல்பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றும். கீழ் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் புள்ளிகள் எறும்புப் புற்று போல. முன்னால் போகிற லாரிதான் முழுக் குற்றவாளி என்றால் அடி இப்படிக் கீழே குவிந்திருக்காது. என் முன்டயரே எறிந்திருக்கிறது. டயரின் பள்ளத்தில் மாட்டிய கல், தரையை விட்டு எழும்பியதும் மட்கார்டின் கீழ் விளிம்புக்கு முன்பாக விடுபட்டால் நேரே பின்னால் பாயும். நவீன வண்டிகளில் அழகுக்காக மட்கார்டைக் குட்டையாக வெட்டியிருப்பதன் பலன் அது.

லாரி எழுப்புகிற கல்லைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் எனக்கு இருந்தது. அது துப்பாக்கிக் குண்டு போல நம்மை நோக்கி வருவதாக நினைத்திருந்தேன். லாரி டயரில் நசுங்கித் தெறிக்கிற கல் பெரும்பாலும் குதித்து அந்தரத்தில் எழும்புகிறது, அவ்வளவுதான். மீதி வேகத்தைக் கொடுப்பது நாம். 90-இல் போகிறவன் 60-இல் போகிறவனைவிட இரண்டேகால் மடங்கு வலுவாக அதே கல்லில் போய் முட்டுகிறான். வேகத்தின் வர்க்கம் செய்கிற வேலை.

தெளிவு வந்துவிட்டது, இனி கவசம் செய்யவேண்டியதுதான் என்று கிளம்பினேன். இங்கேதான் என் புத்திசாலித்தனம் சறுக்கியது.

சேலத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில் துளையிட்ட எஃகுத் தகடு கிடைத்தது. மூன்று மில்லிமீட்டர் துளைகள், ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில். பார்க்கவே கம்பீரம். இனி மிளகுகூட நுழையாது என்று திருப்தியோடு வெட்டி மாட்டினேன். அடுத்த வாரம் தர்மபுரி போகவேண்டியிருந்தது. தொப்பூர் கணவாயில் மேலே ஏறும்போது, மூச்சு வாங்கிக்கொண்டு ஊர்கிற இரண்டு லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். மீட்டரில் வழக்கமாக நான்கில் நிற்கிற வெப்பக் கோடு ஆறுக்குப் போனது, ஏழுக்குப் போனது. மின்விசிறி நிற்காமல் ஓடியது. தொடைகளுக்கு நடுவே அனல். எட்டாவது கோடு வருவதற்குள் ஓரமாக நிறுத்திவிட்டு, கணவாயின் குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்க, திருப்புளியால் என் கம்பீரத் தகட்டைக் கழற்றி முதுகுப் பையில் போட்டுக்கொண்டேன். ஏழு நிமிடத்தில் கோடு இறங்கியது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன், முன்பே போட்டிருக்கவேண்டிய கணக்கு. அந்தத் தகட்டில் துளை எவ்வளவு, இரும்பு எவ்வளவு? திறந்த பரப்பு 33 விழுக்காடு மட்டுமே. ரேடியேட்டரின் முகத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கையால் பொத்திவிட்டு மலையேறியிருக்கிறேன். அதே தகட்டில் ஆறு மில்லிமீட்டர் துளை, எட்டு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 51 விழுக்காடு. பின்னிய கம்பி வலைக்கு வந்தால் நிலைமையே வேறு. ஒரு மில்லிமீட்டர் கம்பி, ஐந்து மில்லிமீட்டர் கண் என்றால் 69 விழுக்காடு திறந்திருக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர் கம்பி, பத்து மில்லிமீட்டர் கண் என்றால் 75-க்கு மேல்.

இந்தக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினாலும் ஏமாறலாம் என்பதைக் கொசுவலை சொல்லிக்கொடுத்தது. ஜன்னலுக்கு அடிக்கிற எஃகுக் கொசுவலையை ரேடியேட்டருக்கு முன்னால் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பி மெல்லிசு என்பதால் கணக்கில் அதுவும் 68 விழுக்காடு வரை காட்டும். ஆனால் அவ்வளவு சிறிய கண்களில் காற்று இழுபட்டுத்தான் நுழையும். அதோடு முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்புகிற ஒரே மாலையில் அது அடைபட்டுவிடும். கல்லையும் அது முழுசாகத் தடுக்காது, வேகமாக வருகிற ஜல்லி வலையோடு சேர்த்தே மடிப்புகளை உள்ளே தள்ளிவிடும். வீட்டில் கொசுவலைத் துண்டை வெட்டிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்ட கேள்வி நியாயமானது: “கல்லைத் தடுக்கவேண்டுமா, கொசுவைத் தடுக்கவேண்டுமா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு வேண்டியது என்ன என்று புரிந்தது. குழாயைத் துளைக்கக்கூடிய கல் உள்ளே வரக்கூடாது. மணல், தூசி, சிறு பூச்சி எல்லாம் தாராளமாக உள்ளே போய், பின்பக்கமாக வெளியேறட்டும். எல்லாவற்றையும் தடுக்கிற கவசம் கடைசியில் காற்றையும் தடுக்கும். காற்றைக் கொடுத்துக் கல்லை வாங்கிக்கொள்கிற பேரம் இது. எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை வண்டியின் இன்ஜினும் நாம் போகிற சாலையும்தான் சொல்லவேண்டும். இப்போது என் வண்டியில் இருப்பது ஐந்து மில்லிமீட்டர் கண்ணுள்ள பின்னல் வலை. ஆறு மில்லிமீட்டர் சிப்ஸ் ஜல்லியை அது நிறுத்துகிறது. தொப்பூரில் மறுபடி ஏறிப் பார்த்தேன். கோடு ஐந்தைத் தாண்டவில்லை.

வலையைவிட, அதை மாட்டுகிற விதத்தில்தான் எனக்கு அதிக நேரம் போனது. வலைக்கும் கோருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி வேண்டும். ஒட்டினாற்போல் கட்டினால் அடிபட்டுக் குழிகிற வலை நேரே மடிப்புகளில் போய் உட்காரும். அடி படாவிட்டாலும் அதிர்விலேயே கம்பி அலுமினியத்தை ரம்பம் போல அறுக்கும். பிளாஸ்டிக் டையால் கட்டுவது ஒரு வாரத்துக்கு அழகாக இருக்கும். இன்ஜின் சூட்டில் அது மொரமொரவென்று ஆகி, எங்கோ ஒரு வேகத்தடையில் ஒடிந்து, வலையோடு முன்சக்கரத்தில் போய் விழும். போல்ட்தான் சரி. துருப்பிடிக்காத எஃகு, அலுமினியத்தை நேராகத் தொடக்கூடாது. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு தொடங்கும், கரைந்து போவது அலுமினியம்தான். கடற்கரைச் சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கு இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ரப்பர் வாஷர் போட்டால் முடிந்தது. இன்னொன்று: முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைப் பலமாக அழுத்திப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் இறங்கும்போது மட்கார்டு பின்னால் வந்து எதைத் தொடும் அளவுக்கு நெருங்குகிறது என்று தெரியும். பள்ளத்தில் விழும்போது அது இன்னும் உள்ளே வரும், அதற்கும் இடம் விட்டுத்தான் வலையை நிறுத்தவேண்டும்.

மட்கார்டைக் கீழே நீட்டியது தனி வேலை. லாரிக்குப் பின்னால் தொங்குகிற ரப்பர் தட்டியின் துண்டு ஒன்றை வாங்கி, மட்கார்டின் அடிவிளிம்பில் இரண்டு போல்டால் பொருத்தினேன். நூறு ரூபாய்கூட ஆகவில்லை. வண்டியின் அழகு கெட்டது உண்மைதான். தெருப் பையன்கள் ‘மாட்டு வண்டிக்குத் தாடி’ என்று கிண்டல் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி தாளில் புள்ளி வைத்தபோது கீழ்ப்பகுதியில் புதிதாக இரண்டே புள்ளிகள். என்னைக் கேட்டால், கையில் நூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால் வலையை விட்டுவிட்டு இதை முதலில் செய்வேன்.

ஆயில் கூலருக்கு வருகிறேன். ரேடியேட்டரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேனே தவிர, உண்மையில் பயப்படவேண்டியது இதற்குத்தான். ரேடியேட்டர் ஒழுகினால் வாசனை வரும், ஆவி வரும், கோடு ஏறும். கத்திக் கூப்பாடு போட்டுவிட்டுத்தான் சாகும். ஆயில் கூலர் பேசாது. பம்பு அழுத்தித் தள்ளுகிற எண்ணெய் துளையின் வழியாக வெளியேறி, சைலன்சர் குழாயில் பட்டால் புகையாவது வரும். படாவிட்டால் காற்றோடு பின்னால் போய்ப் பின்டயரில் படியும்.

நண்பர் ஒருவர் இரட்டை சிலிண்டர் வண்டி வைத்திருக்கிறார், ஆயில் கூலர் உள்ளது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகக் கொல்லிமலைக்குக் கிளம்பினோம். சேந்தமங்கலம் பக்கம் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஜல்லி பரப்பி இன்னும் தார் ஊற்றவில்லை. அடிவாரத்துக் காரவள்ளியில் அவர் டீ குடிக்கலாம் என்றார். நான் ஏறிவிட்டுக் குடிக்கலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது அவருடைய செருப்பு தரையில் வழுக்கியது. இன்ஜினின் இடது பக்கம் முழுக்கக் கறுப்பாக மினுமினுத்தது. பின்டயரின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு எண்ணெய்.

காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த டயரின் ஓரம்தான் வளைவில் தரையைப் பிடிக்கவேண்டிய இடம். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவர் இன்னொரு டீ சொன்னார்.

எண்ணெய் அழுத்த விளக்கு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அந்த விளக்கு எரிவது அழுத்தம் போன பிறகு. இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கின் பேரிங்குகள் எண்ணெய்ப் படலத்தில் மிதந்துதான் சுழல்கின்றன; படலம் அறுந்தால் உலோகத்தில் உலோகம் உராயும். விளக்கைப் பார்த்ததும் ‘அடுத்த பங்க் வரை போய்விடலாம்’ என்கிற யோசனைக்கு இடமே இல்லை. கிளட்சைப் பிடித்து, இன்ஜினை அணைத்து, சாய்க்காமல் நேராக ஓரம் போவதுதான் வழி. ஆயில் கூலர் சிறியது என்பதால் கவசமும் சிறிதாக, சற்றுத் தடித்த கம்பியில் போடலாம். நான் அவருக்குப் பத்து மில்லிமீட்டர் கண்ணில் செய்து கொடுத்தேன். எண்ணெய் கூடுதல் சூட்டில் ஓடுவதால் காற்றைக் குறைத்துக் கஞ்சத்தனம் செய்யத் தோன்றவில்லை. சிறு கல்லுக்கு அவருடைய மட்கார்டிலும் ஒரு தாடி முளைத்தது.

வலை போட்டபின் ஒரு புதிய வேலை சேர்ந்துகொண்டது, சுத்தம் செய்வது. தை மாதம் தொடங்கி நம் கிராமத்துச் சாலைகள் களமாகிவிடும். கொள்ளும் உளுந்தும் எள்ளும் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளை வைத்தே போரடித்துவிடுவார்கள். விவசாயிகளுக்குக் களம் இல்லை என்பது வேறு பெரிய கதை. அந்தச் செடிகளின் மேல் ஏறிப் போகும்போது கல்லைவிடச் சருகும் சண்டும்தான் வலையில் வந்து அப்பும். பத்து கிலோமீட்டரில் வலை ஒரு பாயாகிவிடும். அப்படிப்பட்ட சாலையைக் கடந்ததும் நிறுத்திக் கையால் துடைத்துவிட்டுப் போவது என் பழக்கமாகிவிட்டது. வாட்டர் வாஷ் கடையில் பீச்சுகிற அழுத்தத் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடவே விடாதீர்கள். கல் ஒரு வருடத்தில் சாய்க்கிற மடிப்புகளை அது ஒரே நிமிடத்தில் சாய்த்துவிடும். மெதுவான குழாய்த் தண்ணீர், பழைய பல்துலக்கி, முடிந்தால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக. அடைத்தது வந்த வழியே வெளியே போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் துளை விழலாம். பையில் நான் வைத்திருப்பது ஓர் இடுக்கி, எம்-சீல், ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீர். முதலில் ஆறவிடவேண்டும். சூட்டோடு மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. ஆறியபின் துளைக்கு இரு பக்கமும் மடிப்புகளை விலக்கி, குழாயை இடுக்கியால் நசுக்கி மடித்து, அதன் மேல் எம்-சீலை அப்பி, அது இறுகும் வரை பொறுத்தால் மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுகிற லாரிக்காரர்களின் வைத்தியம் எனக்கும் தெரியும். லாரியின் அகலமான குழாய்களில் அது வேலை செய்வதை அந்தப் பட்டறைப் பெரியவரே ஒப்புக்கொண்டார். மோட்டார் சைக்கிளின் குறுகிய குழாய்களில் துளையோடு மற்றதையும் அடைத்துவிடும் என்று சேர்த்துச் சொன்னார். துளை விழுந்த ரேடியேட்டரில் தண்ணீரோடு அழுத்தமும் போகிறது. மூடி சரியாகப் பிடித்திருக்கும் வரை 125 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிற கூலன்ட், அழுத்தம் இல்லாவிட்டால் 107, 108-லேயே கொதித்து ஆவியாகிவிடும். முழுக்க வற்றிப்போனால் உணர்கருவி ஆவியில் நின்றுகொண்டு வெப்பத்தைக் குறைத்தும் காட்டலாம். கோடு இறங்குகிறதே என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

ஒழுகிய கூலன்டை அப்படியே விட்டுவிட்டும் வராதீர்கள். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்காலுக்குத்தான் அந்தத் தித்திப்பு. தெரு நாய் நக்கிக் குடிக்கும். கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். அன்று பரமத்தி வேலூர்ச் சாலையில் எனக்கு இது தெரியாது. மண்ணை அள்ளிப் போட்டு, ஈர மண்ணைச் சுரண்டிப் பையில் கட்டி எடுத்து வந்திருக்கவேண்டும்.

டிப்பர்களைப் பொறுத்தவரை, 80-இல் போகும்போது மூன்று விநாடி இடைவெளி விடுகிறேன். கிட்டத்தட்ட 67 மீட்டர். அந்த இடைவெளியில் உடனே ஒரு கார் வந்து நுழைந்துகொள்ளும் என்பதும் தெரியும். நுழையட்டும், கல்லை அது வாங்கிக்கொள்ளும்.

போன மாதம் நாமக்கல் போனபோது பெரியவரிடம் வலையைக் காட்டினேன். விரலால் சுண்டினார். ‘ங்’ என்று ஓர் ஓசை. இதுதான் இன்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்றில் ஓடும்போது கிணுகிணுக்கிறதா என்று கேட்டார். நான் சொல்லவே இல்லை, எப்படிக் கண்டுபிடித்தாரோ. பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு கீற்றை வெட்டி மேல் விளிம்பில் செருகினார். காசு வாங்கவில்லை. வரும் வழியில் 5,500-இல் சத்தமே இல்லை. 6,000-இல் வேறு எதுவோ கிணுகிணுக்கிறது. இரண்டு வாரமாகத் தேடுகிறேன், இன்னும் அகப்படவில்லை.